ஒன்று குறைத்துச் சொன்ன வீடு

என் தம்பி நம்பியின் கொள்ளுப்பேத்தி கோமதி என்னைவிட இருபது வயது மூத்தவள். இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை என்று சுனைக்கோட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம்பியை நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தபோது எனக்குப் பதினான்கு வயது, அவன் மகனுக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது எனக்குப் பதினான்கு வயது, அவனைப் பாடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனபோதும் எனக்குப் பதினான்கு வயது. எனக்கென்று பேசிவைத்திருந்த மாமன் மகன், இவள் வளரட்டும், இவள் வளரட்டும் என்று பொறுத்துப் பார்த்துவிட்டு என் தங்கை இசக்கியைக் கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்து, பல்லெல்லாம் கொட்டி, கடைசியில் என் கையால் ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். "இன்னும் வளரலையாட்டி நீ?" என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது.

ஊர் இதற்கு என்ன செய்தது என்றால், ஒன்றும் செய்யவில்லை; ஊருக்கு வேலை இருந்தது. என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதில் மட்டும் கொஞ்ச காலம் குழம்பி, கடைக்கு விரட்டும்போது 'ஏட்டி' என்றும், கல்யாண வீட்டில் காலில் விழும்போது 'ஆச்சி' என்றும் கூப்பிட்டு, இரண்டும் ஒரே நாளில் தேவைப்படுகிற வீடுகளில் 'ஏட்டி ஆச்சி' என்று சேர்த்தே கூப்பிட்டு, அதுவே பட்டப்பெயராக நிலைத்துவிட்டது. என் சொந்தப் பெயர் பேச்சி. பொண்ணும் மாப்பிள்ளையும் என் காலில் விழுவார்கள், நான் திருநீறு பூசி "நீண்ட ஆயுசா இருங்க" என்பேன், அவர்கள் எழுவதற்குள் பொண்ணின் அம்மா, "ஏட்டி, பந்திக்கு எலை பத்தல, ஓடிப் போயி ஒரு கட்டு வாங்கிட்டு வா" என்பாள், நானும் ஓடுவேன். பள்ளிக்கூடத்துக்கு மாறி வருகிற தலைமையாசிரியர்கள், முன்னவர் விட்டுப்போன ஒழுகுகிற ஓட்டையும் ஓடாத கடிகாரத்தையும் பொறுப்பேற்றுக்கொள்வதுபோல் என்னையும் பொறுப்பேற்று, ஒன்பதாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். அதற்கு நன்றியாக ஒவ்வொருவர் குரலையும் கற்றுக்கொண்டு, அவர் சாப்பிடப் போன நேரம் மைக்கைப் பிடித்து, "மாணவச் செல்வங்களே, மழை வரும்போல் இருப்பதால் பள்ளி இத்துடன் விடப்படுகிறது" என்று சித்திரை வெயிலில் அறிவித்திருக்கிறேன்.

குரல்தான் என் சொத்து. யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், நாக்கில் ஒட்டிக்கொள்ளும். செத்துப்போன மாமியார் திட்டுவதை ஒரு தரம் கேட்கவேண்டும்போல் இருக்கிறது என்று முறுக்கும் கையுமாக வருகிற மருமகள்கள் உண்டு. வேலித் தகராறில் தாத்தா என்னதான் சொன்னார் என்று இரண்டு பங்காளிகளும் வந்து நிற்பார்கள், நான் தாத்தாவாகவே இருமிக் காறி, "ரெண்டு பயலும் நாசமாப் போங்கல" என்பேன், தாத்தா அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று இருவரும் சமாதானமாகிப் போய்விடுவார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எனக்கு இருக்கிற ஒரே குறை வலது குதிகால். கடைசியாக நான் வளர்ந்த நாளன்று ஒரு உடைமரத்து முள் குத்தியது, பாதி வெளியே வந்தது, பாதி உள்ளே நின்றது. அந்தப் புண் அன்றைக்கு இருந்தபடியே இன்றும் இருக்கிறது, பழுக்கவும் இல்லை, காயவும் இல்லை. நான் நடந்துபோன வழியில் தரையில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பொட்டு விழும். கோமதியின் அம்மா துடைத்தாள், இப்போது கோமதி துடைக்கிறாள், பால் பொங்கிச் சிந்தியதைத் துடைப்பதுபோல, யோசிக்காமல்.

ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் அடுத்த வருஷம் என்னைத் தாண்டிப் போவாள், பிறகு தாவணி போடுவாள், தாலி கட்டிக்கொள்வாள், பிறகு அவள் பிள்ளை வந்து என் பக்கத்தில் உட்காரும். கோமதி அப்படி உட்கார்ந்து எழுந்து போனவள். இப்போது அவள் மகள் செண்பகம் உட்காருகிறாள். செண்பகம் இரண்டு படி ஏறினால் மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்குவாள், உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும். இதயத்தில் வால்வு சரியில்லை, திறந்து வைத்தியம் பார்க்கவேண்டும், பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னார். கோமதி கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டாள். அவள் புருஷன் இசக்கிராஜ் கொல்லத்தில் பரோட்டா மாஸ்டர். போனில், "நீயே ஒரு முடிவு எடு தாயி" என்று அழுதார். கோமதி பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலையை நறுக்கினாள், தூளை வைத்தாள், சுருட்டினாள், கட்டினாள், அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏட்டி ஆச்சி, நீ ஏன் சாகல?"

இத்தனை தலைமுறையில் இதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"மறந்துட்டேன் போல" என்றேன்.

"வெளையாடாத. எந்த நாள்லருந்து நீ வளரல?"

"முள் குத்தின நாள்லருந்து."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அன்றைக்கு நான் நொண்டிக்கொண்டே வந்து, அம்மா பார்க்காத நேரம் நெல் கொட்டிவைக்கிற குலுக்கைக்குள் இறங்கி, அங்கே ஒளித்துவைத்திருந்த கருப்பட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஜமீன் கச்சேரிக் கணக்கர் வாசலில் வந்து நின்றார். சர்க்கார் தலைக்கணக்கு எடுக்கிறது என்றார், நிலைக்கதவில் காவியால் ஒரு எண் போட்டார், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் பெற்றவள் பிள்ளைகளை எண்ணிச் சொல்லமாட்டாள். எண்ணினால் குறையும். அப்படியும் கேட்கிறவன் சர்க்காராக இருந்தால், ஒன்றைக் குறைத்துச் சொல்லிவிட வேண்டும், குறைகிறது அந்த ஒன்றோடு போகட்டும் என்று. அம்மா கண்ணுக்குத் தெரிந்த மூன்று பேரைச் சொன்னாள். குலுக்கைக்குள்ளிருந்து நான் சிரித்தேன்.

"அது என்ன சத்தம்?" என்றார் கணக்கர்.

"பூனை" என்றாள் அம்மா. நானும் மரியாதைக்கு ஒரு மியாவ் போட்டேன்.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு ஒருமுறை யார் வந்து கேட்டாலும் எங்கள் வீட்டில் ஒன்று குறைத்தே சொன்னார்கள். அம்மா சொன்னாள், நம்பியின் பெண்டாட்டி சொன்னாள், அவள் மருமகள் சொன்னாள், காக்காய்க்கு ஒரு உருண்டை எடுத்துவைப்பதுபோல அது வீட்டு வழக்கம் ஆகிவிட்டது. ரேஷனிலும் நான் இல்லை, ஓட்டிலும் இல்லை, பஸ்ஸில்கூட கண்டக்டர் என்னைத் தாண்டிப் போய்விடுவார்.

மறுநாள் கோமதி என்னை இழுத்துக்கொண்டு தாலுகா ஊருக்குப் போனாள். கண்டக்டர் "எத்தனை பேரும்மா?" என்றார். "ஒண்ணு" என்றாள் கோமதி, பழக்கத்தில். ஜமீன் ஒழிந்தபோது வண்டியில் ஏற்றி வந்த பழைய கட்டுகள் அங்கே ஒரு பின்னறையில் கிடந்தன. பொறுப்பில் இருந்தவர் காதில் பட்ஸ் வைத்துக் குடைந்துகொண்டே கேட்டார்.

"பட்டாவா? வாரிசா?"

"இல்ல சார். பாட்டன் பூட்டன் பேரு பாக்கணும்."

"பேருக்கா வந்திருக்கே? எல்லாரும் நெலத்துக்கு வருவாக." அவர் ஒரு நாற்காலியைத் தூசி தட்டிக் கொடுத்தார். "பாரு பாரு. நானும் ஒருநாள் பாக்கணும்னு இருக்கேன். எங்க பாட்டன் எவன்னே தெரியல."

கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தாறு, மாசி மாதத்துக் கட்டு, நூறு வருஷத்துக்கு மேல் பழையது. அந்துப்பூச்சி தின்றது போக மீதி இருந்தது. வீட்டு எண், தலைவன் பெயர், பெண்டாட்டி, பிள்ளைகள், வயது, தொழில். கோமதி நான் சொன்ன காவி எண்ணைத் தேடி விரலை ஓட்டினாள், அவள் விரல் ஒரு பெயரில் நின்றால் நான் அந்த ஆளாகப் பேசினேன், ஏனென்றால் எனக்கு அவர்கள் எல்லாரையும் தெரியும். என் அப்பா பெயரில் விரல் நின்றபோது, "மாட்டுக்குத் தண்ணி வச்சாச்சா?" என்றேன். அம்மா பெயரில் நின்றபோது, "அடி சிறுக்கி, கருப்பட்டிய எங்க?" என்றேன். தம்பி நம்பி, வயது இரண்டு என்றிருந்தது, அழுதேன். காது குடைந்துகொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டு வந்து நின்று கேட்டார்.

கோமதி அழவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று தெரு முழுக்கப் போனாள்.

"இவரு?"

"செத்தாச்சு."

"இந்தப் பிள்ளை?"

"அது அந்த மழைக்கே செத்துட்டு."

"இவ?"

"கிழவியாகிச் செத்தா. நல்ல சாவு."

ஏடு முடிந்தது. அதில் எழுதியிருந்தவர்கள் அத்தனை பேரும் செத்திருந்தார்கள். எழுதாமல் விட்ட ஒருத்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கோமதி கட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் எனக்குக் காரச்சேவு வாங்கித் தந்தாள். அவள் எனக்கு ஒன்றும் வாங்கித் தருகிறவள் இல்லை. செண்பகத்தை அவள் கணக்கில் சொல்லப்போவதில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த சென்சஸ் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது, வீடுகளுக்கு எண் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

எங்கள் தெருவில் ஒரு விஷயத்தை ரகசியமாக வைக்க முடியாது, எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறோம். பக்கத்து வீட்டுச் சொர்ணம் மதினிதான் முதலில் தீர்ப்புச் சொன்னாள்.

"நியாயந்தான. சித்திரபுத்திரனாரு ஒத்தை ஆளு. அவரு என்ன வீடு வீடாவா வந்து எழுதுவாரு? சர்க்காரு எழுதினதப் பாத்துத்தான் எழுதிக்கிடுவாரு. பேரு இல்லன்னா எமனுக்கு எங்க போகணும்னு தெரியாதுல்லா?"

அப்படியானால் யாரை எழுதுவது, யாரை விடுவது என்று தெரு கணக்குப் போடத் தொடங்கியது. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பிள்ளையை எழுதப்போவதில்லை என்று முந்தானையில் பொத்திக்கொண்டாள், அன்று சாயங்காலத்துக்குள்ளேயே, "அப்ப நூறு வருசத்துக்கு நான் பீத்துணி அலசணுமா?" என்று மனதை மாற்றிக்கொண்டாள். கடைசி வீட்டுப் பெரியவர் கோலை ஊன்றிக்கொண்டு வந்து, என் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள், எனக்கு அலுத்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருத்தி மகனை பிளஸ் டூ முடிகிறவரைக்கும் எழுதலாம், பிறகு அழிக்கலாமா என்று கேட்டாள். சொர்ணம் மதினி மட்டும் தெளிவாக இருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர மட்டும் ரெண்டு தடவ எழுதச் சொல்லுதேன்."

கோமதி சிரிக்கவில்லை. குலுக்கையிலிருந்த பீடி இலைக் கட்டுகளை வெளியே எடுத்துப்போட்டு, உள்ளே ஒரு பழைய சேலையை விரித்தாள்.

எனக்கு என்ன தோன்றியது என்றால், எனக்கு அது பிடித்திருந்தது. செண்பகத்துக்கு இன்னும் கொஞ்ச நாளில் பதினைந்து. இவளும் தாண்டிப் போகப்போகிறாள் என்று நினைத்திருந்தேன். தாண்டவில்லை என்றால், ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிற தலைமையாசிரியர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கலாம், கோமதி கிழவியாவாள், சொர்ணம் மதினியின் பேத்திகள் கிழவியாவார்கள், பள்ளிக்கூடம் இடிந்து வேறு பள்ளிக்கூடம் கட்டுவார்கள், அதிலும் கடைசி பெஞ்ச் இருக்கும். செண்பகத்தின் குரல் எனக்கு நன்றாக வரும். "எம்மா, பேச்சி அடிக்கா" என்று அவள் குரலிலேயே கத்தி, நான் அடிக்காமலே கோமதியிடம் அடி வாங்கியிருக்கிறேன், வேடிக்கைக்காக.

கணக்கெடுக்க வந்தவர் கிரேஸ் டீச்சர். வேறு ஊர்க்காரர், இங்கே யாரையும் அவருக்குத் தெரியாது. கையில் போன், கழுத்தில் அடையாள அட்டை, வெயிலுக்குத் தலையில் கர்ச்சீப். அவர் தெருமுனையில் திரும்பியதுமே கோமதி எங்கள் இரண்டு பேரையும் குலுக்கைக்குள் இறக்கிவிட்டாள்.

"ஏட்டி ஆச்சி, அவ சத்தம் போடாம பாத்துக்கிடுதது ஒம் பொறுப்பு."

மூடியை வைத்தாள். உள்ளே இலை வாசம், பழைய நெல் வாசம். எனக்குப் பழக்கமான இருட்டு. செண்பகத்தின் மூச்சு கொல்லன் துருத்தி மாதிரி போய்ப்போய் வந்தது. அவள் கை என் காலில் பட்டது, ஈரமாக இருந்ததும் எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"ரத்தம் வருதுட்டி."

"அது எப்பவும் வாரதுதான்."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

"கொறையாதா?"

"எதுக்குக் கொறையும்? அன்னைக்குக் குத்தின முள்ளுதான."

வெளியே கிரேஸ் டீச்சர் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற சத்தம் கேட்டது. "வீட்டுல எத்தனை பேரும்மா?" "நானும் எங்க வீட்டுக்காரரும் டீச்சர்." "பிள்ளைங்க?" கோமதி சொம்பை வைக்க அடுப்படிக்கு நடந்தாள்.

"அப்போ," என்றாள் செண்பகம், இழுத்து இழுத்து, "எனக்கு இந்த மூச்சும் இப்படியேதான இருக்கும்."

நான் யார் குரலிலாவது ஒரு பதில் சொல்லலாம் என்று பார்த்தேன். நாக்கில் அத்தனை பேர் இருந்தார்கள், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

"நூறு வருசம்," என்றாள் அவள். "இப்படியே. வேண்டாம்ட்டி. நீ கூப்பிடு. எனக்குக் கத்த ஏலாது. என் சத்தத்துல கூப்பிடு."

"அந்த வைத்தியத்துல நீ செத்துப்போனா?"

"செத்தா சாவேன். மூச்சு வாங்காதுல்லா."

வெளியே கோமதி, "பிள்ளை இல்ல டீச்சர்" என்று சொன்னாள். குரல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது அவள் குரல் மாதிரி இல்லை; எங்கள் அம்மா குரல் மாதிரி இருந்தது.

நான் கூப்பிட்டேன். செண்பகத்தின் குரலில், ஆனால் அவளுக்கு ஒருநாளும் வராத முழு மூச்சில், ஓடு அதிர, "டீச்சர்! நான் உள்ள இருக்கேன்! பேரு செண்பகம்!" என்றேன். குலுக்கை அதை வாங்கி இன்னும் பெரிதாக்கி வெளியே விட்டது. பீடித் தட்டுகள் தெருவெல்லாம் நின்றுபோனது எனக்கு உள்ளேயே கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்றார் கிரேஸ் டீச்சர்.

கோமதி பூனை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. மூடி திறந்தது, வெளிச்சத்தில் கோமதியின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. செண்பகம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி, இந்தத் தடவை அவள் சொந்தக் குரலில் சொன்னாள்.

"ரெண்டு பேரு டீச்சர். நாங்க ரெண்டு பேரு இருக்கோம்."

எங்களை வெளியே தூக்கிவிட்டபிறகு கோமதி பீடித் தட்டால் என்னை இரண்டு போடு போட்டாள், பிறகு அதே தட்டைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள். கிரேஸ் டீச்சர் எவ்வளவோ வீடு பார்த்தவர், ஒன்றும் கேட்காமல் போனைத் துடைத்துக்கொண்டார்.

"செண்பகம், வயசு பதினாலு. சரி. நீ?"

தெரு முழுக்க வாசலில் நின்றது.

"பேச்சி," என்றேன். "பதினாலு."

"ரெண்டு பேருக்கும் ஒரே வயசா? ரெட்டையா?"

"ஆமா டீச்சர்," என்றாள் சொர்ணம் மதினி. "ஒண்ணு மட்டும் கொஞ்சம் முந்திப் பொறந்துட்டு."

"கேலி போதும்மா. குடும்பத் தலைவருக்கு இவ என்ன உறவு?"

தலைவர் இசக்கிராஜ் என்று போட்டிருந்தது. அவர் பெண்டாட்டியுடைய அப்பாவுடைய தாத்தாவுக்கு அக்காள் என்றால் அவருக்கு என்ன முறை என்று தெருவே விரல் மடக்கிப் பார்த்தது, கொழுந்தியாள் என்றார்கள், மாமியார் என்றார்கள், கடைசி வீட்டுப் பெரியவர் அதெல்லாம் இல்லை, பேத்தி முறை வரும் என்று கோலால் தரையைத் தட்டினார். போனில் அப்படி எதுவும் இல்லை. கிரேஸ் டீச்சர் 'மற்றவர்' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே சொர்ணம் மதினி புருஷனை ஒரு தடவைதான் எழுதவைத்தாள். ஏனோ மனசு வரவில்லை என்று பிறகு சொன்னாள்.

அந்த வாரமே கோமதி திருநெல்வேலிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். வைத்தியம் நடந்தபோது நானும் கோமதியும் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தோம், கோமதி கேட்டாள் என்று அவளுடைய செத்துப்போன அம்மா குரலில் பேசிக்கொண்டே இருந்தேன், "ஒண்ணும் ஆகாதுளா, ஒண்ணும் ஆகாதுளா" என்று, நர்ஸ் வந்து அதட்டும்வரை. பிறகு நர்ஸ் மறுபடி வந்தாள், பிழைத்துக்கொண்டாள் என்றாள்.

தையல் பிரித்துக் கூட்டிக்கொண்டு வரும்போது எனக்குக் குதிகாலில் அரித்தது. முதலில் எறும்பு என்று நினைத்தேன். நகத்தை விட்டு நோண்டியதில் ஒரு கறுத்த துணுக்கு வந்தது, கையில் வைத்துப் பார்த்தேன், மிச்சம் இருந்த அந்தப் பாதி முள். அதற்குப் பிறகும் அரிப்பு நிற்கவில்லை. பக்கத்தில் செண்பகம் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"கைய எடுங்கட்டி ரெண்டு பேரும்," என்றாள் கோமதி. "ஆறுத புண்ணு அரிக்கத்தான் செய்யும்."

தென்காசியில் டவுன் பஸ் மாறினோம். கண்டக்டர் பெண்களுக்கான இலவசச் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்து நின்றார்.

"எத்தனை பேரும்மா?"

கோமதி என்னைப் பார்த்தாள், செண்பகத்தைப் பார்த்தாள். பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, நான் மூணு. மூணு பேரு."

கண்டக்டர் மூன்று சீட்டுக் கிழித்தார். என்னுடையதை நான் ஊர் வரும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.